தராசைச் சந்தேகப்பட்ட பத்து நிமிடம்

அரை லிட்டர் தண்ணீரைக் காணவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சமையலறைத் தரையில் நின்றுகொண்டு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

குழாய்த் தண்ணீர் இல்லை. என் மகளின் உடம்பில் இருந்திருக்க வேண்டிய தண்ணீர். அவளுக்கு இரண்டரை வயது. எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம், உருண்டையாக இருப்பாள் என்பதால். முந்தின நாள் காலையிலிருந்து அவளுக்கு வாந்தியும் பேதியும். ராத்திரிக்குள் பேதி அடங்கிவிட்டது, வாந்தி மட்டும் இருந்தது. தேறிவருகிறாள் என்று நினைத்துக்கொண்டு காலை ஏழேகாலுக்கு வேலைக்குக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபத்தொன்பது புள்ளி மூன்று. அவளை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினால் ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு. ஆக, குழந்தை பதினொன்று புள்ளி ஒன்று. வேலை முடிந்து வந்து அதே மாதிரி இரண்டு தடவை ஏறி இறங்கினால் பத்து புள்ளி ஆறு. ஒரு பகலில் அரைக் கிலோ போயிருக்கிறது. கொழுப்போ சதையோ ஒரு பகலில் அப்படிக் கரையாது. தண்ணீர்தான் அவ்வளவு வேகமாகப் போகும்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் எடை பார்ப்பேன். என் தொழில் அப்படி. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிற தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று எடைக்கல் வைத்துச் சோதித்து முத்திரை போடுவது என் வேலை. "உங்கம்மா என்னைக் கட்டிக்கிட்டதே எடை போட்டுப் பார்த்துட்டுத்தான்" என்று என் கணவர் பட்டாணியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஒரு சாயத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். பாய்லர் அறையில் ஒரு பதிவேடு உண்டு. மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம், அழுத்தம், வெப்பம் எல்லாம் அதில் எழுத வேண்டும். போகிறவர் கையெழுத்துப் போட்டு, வருகிறவர் படித்துப் பார்த்த பிறகுதான் ஷிப்ட் மாறும். பட்டாணி பிறந்தபோது அவர்தான் வீட்டுக்கும் ஒரு நோட்டு வாங்கி வந்து கட்டம் போட்டார். எப்போது பால் குடித்தாள், எப்போது தூங்கினாள், எப்போது டயபர் மாற்றினோம் என்று எழுதி, அவர் எனக்கு ஒப்படைப்பார், நான் அவருக்கு ஒப்படைப்பேன். நாங்கள் முகம் பார்த்துப் பேச நேரமில்லாத நாட்களில்கூட அந்த நோட்டு பேசும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. சொந்தக்காரர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் ராத்திரி ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்தார். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, அளவுக்கோடு போட்ட ஜக்கில் ஊற்றி வைத்திருந்தேன். வெறும் தண்ணீர் ஏன் போதாது என்று அவருக்கு முந்தின நாளே விளக்கியிருந்தேன். குடலின் சுவர் உப்பைத் தனியாக வந்தால் அவ்வளவாக உள்ளே விடாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் கதவைத் திறக்கும். அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே இழுபட்டுப் போகும். பாக்கெட்டில் இருக்கிற அளவு அதற்காகவே நிறுத்துப் போட்டது. அதனால் தண்ணீரைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். ஒரு ஸ்பூன், ஒரு நிமிடம் இடைவெளி, அடுத்த ஸ்பூன் என்று பொறுமையாகக் கொடுத்தால் தங்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "பாய்லருக்கு ஃபீட் வாட்டர் கொஞ்சங்கொஞ்சமா உள்ள விடுற மாதிரி. அவ்வளவுதானே? நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

நாலே முக்காலுக்கு நான் திரும்பியபோது அவர் குளித்து, சட்டை மாற்றி, எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நல்ல ஓய்வு, ஒரே ஒரு வாந்தி, சமர்த்தாகக் குடித்தாள் என்று சொல்லி நோட்டை நீட்டினார். எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை, மணிக்கு ஐம்பது மில்லி. மொத்தம் நானூற்றைம்பது. சிறுநீர் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு, நாலு தடவை. பதினொரு மணிக்கு வாந்தி, கொஞ்சம். ஜக்கைப் பார்த்தேன். ஐந்நூற்றைம்பதாவது கோட்டில் நின்றது. நோட்டும் ஜக்கும் ஒன்றையே சொன்னதும் நிம்மதி வந்தது.

குழந்தையைத் தூக்கியதும் அது போய்விட்டது. உடம்பு சூடாக இருந்தது, உள்ளங்காலோ சில்லென்று இருந்தது. கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தாள், என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை, மூடிக்கொண்டாள். சட்டையைக் கழற்றியபோது அழுதாள். அழுகைச் சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. உதடு தாள் மாதிரி இருந்தது.

குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு போன் போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தார், நிதானமான குரல். எத்தனை வயது, எத்தனை நாளாக, வாந்தி பச்சையாக இருந்ததா, ரத்தம் கலந்திருந்ததா, வயிறு கல் மாதிரி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியாகச் சிறுநீர் எப்போது போனாள் என்று கேட்டார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை மாதிரிச் சொன்னேன்: நாலு மணிக்கு. காலையிலிருந்து நாலு தடவை.

அப்படியென்றால் உள்ளே தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நல்ல விஷயம் என்றார் நர்ஸ். கண்ணீர் வரவில்லை என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பொருந்தவில்லை. குழந்தையை நன்றாக எழுப்பி, ஸ்பூனால் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடச் சொன்னார்.

எழுப்பிப் பார்த்தேன், ஸ்பூனுக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எடை மெஷினில் ஏறினேன். அரை லிட்டரைக் காணவில்லை.

கணக்கை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டேன். உள்ளே போனது நானூற்றைம்பது. நாலு தடவை சிறுநீர் என்றால் இருநூறு, இருநூற்றைம்பது. வாந்தி ஐம்பது. மூச்சிலும் தோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒரு இருநூறு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. காலையில் இருந்த எடைதான் இப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் மாயமாக மறையாது. ஓரிடத்தில் இல்லையென்றால் இன்னோரிடத்தில் இருக்கும்.

கணக்குப் பொருந்தாவிட்டால் என் தொழிலில் முதலில் செய்வது கருவியைச் சோதிப்பது. அதைத்தான் செய்தேன். குழந்தையைக் கணவர் மடியில் கொடுத்துவிட்டு, ஒரு லிட்டர் பாட்டில்கள் நாலை விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டில் எடைக்கல் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல எடைக்கல் கிடையாது. நான் ஏறினேன், பாட்டிலோடு ஏறினேன், ஒன்றைக் குறைத்து ஏறினேன், மெஷினைத் திருப்பி வைத்து ஏறினேன். மெஷினின் கால் ஒன்று தரையின் பள்ளத்தில் இருக்கிறதோ என்று இடம் மாற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சரியில்லை என்று ஒரு தடவை கேட்டார். மெஷின் ஏதோ தப்புக் காட்டுகிறது என்றேன்.

"பழைய மெஷின்தானே. விடு" என்றார்.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. பாட்டிலுக்குப் பாட்டில் அச்சுப் பிசகாமல் காட்டியது. இதற்குப் பத்து நிமிடம் போனது. குழந்தை கண் செருகிக் கிடக்க, நான் தராசைச் சோதித்த பத்து நிமிடம். அவரைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நோட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை மனைவியாகப் பார்க்கவில்லை, ஒரு கடைக்காரர் கொடுத்த தாளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். நிஜமான அளவுகளில் அழுக்கு இருக்கும். நாற்பது குடிப்பாள், அறுபது குடிப்பாள், ஒரு மணிக்கு ஒன்றுமே வேண்டாம் என்று கையைத் தட்டிவிடுவாள். எந்தக் குழந்தையும் கடிகாரத்தைப் பார்த்துச் சிறுநீர் போகாது. இங்கே ஒன்பது ஐம்பதுகள், ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. இப்படி ஒரு தாளை எந்தக் கடையில் பார்த்தாலும் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

அலமாரியைப் பார்த்தேன். பழைய டயபர் பாக்கெட்டில் கடைசியாக இருந்ததைக் காலையில் நான்தான் கட்டிவிட்டேன். புதுப் பாக்கெட் வாய் கிழியாமல் அப்படியே இருந்தது. குழந்தையின் டயபரைத் தொட்டேன். உலர்ந்திருந்தது.

"இதையெல்லாம் நீங்க பார்த்து எழுதினீங்களா?"

அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டேன்" என்றார். "நீ போனதும் ரெண்டு ஸ்பூன் குடுத்தேன், அதோட வயித்துல இருந்ததையெல்லாம் சேர்த்து நிறைய எடுத்துட்டா. துண்டால துடைச்சுட்டு அவளோட படுத்தேன். முழிச்சா மூன்றரை. அவளும் அசந்து தூங்கிட்டிருந்தா. சத்தம் போடாமத் தூங்குறாளே, சரியாயிட்டான்னு நினைச்சேன்."

"ஜக்குல இருந்தது?"

அவர் சிங்க்கைப் பார்த்தார்.

"ஊத்திட்டேன்."

அளவுக் குவளையில் ஊற்றி, நானூற்றைம்பது சரியாக வருகிறதா என்று பார்த்து, பிறகு சிங்க்கில் கொட்டியிருக்கிறார். நான் தேடிய தண்ணீர் கிடைத்துவிட்டது.

கத்தவில்லை. கத்துவதற்கு நேரமில்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டேன், அதே நர்ஸ். நான் முதலில் சொன்னது தப்பு, பத்து மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பகல் முழுக்க எதுவும் குடிக்கவில்லை, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். அவருடைய குரல் அதுவரை இருந்த நிதானத்தை விடாமலேயே வேகம் எடுத்தது.

"போனை வச்சுட்டுக் கிளம்புங்கம்மா. இது வீட்ல பார்க்கிற கட்டம் இல்ல."

டாக்ஸியில் பதினைந்து நிமிடம். கணவர் முன் சீட்டில், நான் குழந்தையோடு பின்னால். முழுசாக எழுந்திருக்காத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தெரியும். அதனால் கரைசலில் துணியை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்கிக்கொண்டே போனேன். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த டிரைவர், தொண தொணவென்று ஓடிக்கொண்டிருந்த ரேடியோவைத் தானாகவே நிறுத்தினார்.

வழியில் ஒரு பழைய பேச்சு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவர் சொல்லியிருக்கிறார்: ராத்திரி ஷிப்டில் மணிக்கு மணி எழுந்து போய் அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பதெல்லாம் புதுசாக வந்தவர்கள் செய்கிற வேலை. முள் எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும். விடியும்போது ஒரு டீயை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம். தொட்டித் தண்ணீரை மட்டும் எழுதின மட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், எவனும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். தராசுக்காரிக்கு அது சிரிப்பாக இருந்திருக்கக் கூடாது.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். பேச்சுக்கு முன்னால் கை வேலை செய்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கிவிட்டார். நீர் நிறைந்த தோல் ரப்பர் மாதிரி உடனே படியும். பட்டாணியின் தோல் மடிப்பாக நின்று, யோசித்து யோசித்து இறங்கியது. நெஞ்சுக்கூட்டின் நடுவில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். வெளுத்த இடத்தில் இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்ப வேண்டும். நான் நாலு எண்ணினேன். ரத்தத்தில் தண்ணீர் குறைந்தால் உடம்பு கை கால்களைக் கைவிட்டு, இருப்பதையெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிக்கொள்ளும், உள்ளங்கால் சில்லிட்டது அதனால்தான் என்றார். நோய்க்கு முந்தின எடை பதினொன்று புள்ளி ஆறு என்றேன். அவர்களுடைய தராசும் பத்து புள்ளி ஆறு என்றது. ஒரு கிலோ.

"கடைசியா எப்போ சிறுநீர் போனா?" என்று டாக்டர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பகலில் கூட இருந்தது யார் என்று கேட்டுவிட்டு, என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

நோட்டு அவர் கையில்தான் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார். நானும் காத்திருந்தேன். என் பிள்ளை உயிருக்கு ஊசி தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் என் புருஷன் என்ன சொல்வார் என்று காத்திருக்கிறேன்.

"தெரியாது டாக்டர்" என்றார். "நான் பார்க்கல."

"தெரியாதுன்னா சரி, அதை வச்சு என்னால வேலை பார்க்க முடியும். தப்பா ஒரு நேரத்தைச் சொல்லியிருந்தா முடியாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் நரம்பைத் தேடப் போனார்.

மூன்றாவது முயற்சியில் ஊசி ஏறியது. சர்க்கரை அளவு குறைந்திருந்தது, அதற்கும் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். தோற்றத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி சொட்டு சொட்டாக இறங்கியது. ஆறரைக்குக் கால் சூடாகியது. ஏழு மணிக்குக் கண்ணைத் திறந்து, ஊசி குத்திய கையைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து, வாயைக் கோணி அழுதாள். இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு. அதைப் பார்க்க நானும் நர்சும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு குனிந்தோம். எட்டு மணி ஆவதற்குள் சிறுநீர் போனாள். நிறத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் நேரத்தை எழுதிக்கொண்டார்: ஏழு நாற்பத்தேழு.

தூங்குகிற குழந்தையை எப்படி நம்புவது என்று டாக்டரிடம் கேட்டேன். பேதி நின்றதையும் தூங்கியதையும் தேறுவதாக எடுத்துக்கொண்டோமே என்றேன். வெளியே போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லையென்றாலும் நிற்கும் என்றார். தூக்கமும் இரண்டு வகை. எழுப்பினால் சிணுங்கி, முறைத்து, தண்ணீர் கேட்டால் அது ஓய்வு. எழுப்பினால் கண்ணைத் திறந்து, பார்க்காமல் மூடிக்கொண்டால் அது மயக்கத்தின் வாசற்படி. எழுப்பாமல் வித்தியாசம் தெரியாது.

வராண்டாவில் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்டார். தூங்கியதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவரிடம் குழந்தையை விட்டுப் போனது என் தப்பும்தான். மூன்றரைக்கு எழுந்தவர் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் நாலு மணிக்கு இங்கே வந்திருப்போம். போன் போடாமல் பேனாவை எடுத்தார். அவர் எழுதியதை நான் போனில் அந்த நர்சிடம் என் வாயால் படித்தேன். அந்தப் பொய்க்கு என் குரலைக் கொடுக்க வைத்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

"போன வாரம் ரெண்டு கட்டம் காலியா இருந்ததுக்கு நீ ஒரு நாள் பூரா பேசல" என்றார். "ஒன்பது கட்டம் காலியா இருந்தா என்ன பண்ணுவியோன்னு பயந்தேன்."

"என்கிட்ட பயந்தீங்க. சரி. அவளுக்காக ஏன் பயப்படல?"

என்னிடம் பயந்ததாக அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பட்டாணி பதினொன்று புள்ளி நாலோடு வீட்டுக்கு வந்தாள். அவர் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. அவருடைய ஞாபகத்தை மட்டும் நம்பிக்கொண்டு வேலைக்குப் போக என்னால் முடியாது. அவர் எழுதுவதையும் இனிமேல் பழைய மாதிரி நம்ப முடியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டார். அப்படியென்றால் என் நம்பிக்கை இல்லாமலும் வேலை செய்கிற ஏற்பாடுதான் வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் புதுக் கட்டம் போட்டேன். இப்போது அது இப்படி ஓடுகிறது.

பார்த்தால் மட்டும் எழுதுவது, பார்த்த நிமிடத்தைப் போட்டு எழுதுவது. பார்க்காத மணிக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதுவது. அதற்கு இந்த வீட்டில் யாரும் முகம் தூக்கக் கூடாது, குறிப்பாக நான். கழற்றிய டயபரை நான் வரும்வரை மூடிபோட்ட வாளியில் வைப்பது. வயிறு சரியில்லாத நாளில் காலை, மதியம், சாயங்காலம் எடை பார்ப்பது, தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது. எட்டு மணி நேரம் சிறுநீரைக் கண்ணால் காணாவிட்டால், அழுது கண்ணீர் வராவிட்டால், கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தால், எழுப்பியும் முழிக்காவிட்டால், கை கால் சில்லிட்டால், வாந்தி பச்சையாக வந்தால், எதிலாவது ரத்தம் தெரிந்தால், வயிறு கல்லானால், நோட்டைப் புரட்டாமல், எனக்காகக் காத்திருக்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போவது. அங்கே கேட்கிறவர்களிடம் பார்த்ததைப் பார்த்தேன் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்வது.